காற்றுக்கும் வெயிலுக்கும் கடிவாளம்

திருக்கோணமலைக்குச் செல்வோர் சுவாமிமலையில் நின்று கடலைக் காண்பர். கன்னியா வெந்நீரில் நீராடுவர். 2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் மாணவர் இருவருடன் அங்குச் சென்ற நாமோ, உட்டுறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த சிறியதொரு பாய்ப்படகைக் காணச் சென்றோம். அதன் உரிமையாளர் கப்பல்களில் பொறியியலாளராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். எமது தமையனாரின் நண்பர்.

படகின் பின்புறக் கம்பத்தில் காற்றாடியொன்று கச்சான் காற்றிற் சுழன்றுகொண்டிருந்தது. அதனருகே சூரியத் தகடுகள் இரண்டு. இவ்விரு வழியாலும் பற்றறி நிறைய, விளக்கும் வானொலியும் இயங்குகின்றன.

“மின்சாரம் இலவசந்தானே, ஐயா?” என்றான் மாணவரில் ஒருவன்.

“இலவசந்தான், தம்பி. கட்டியாளத் தெரியாதவனுக்கு அதுவே வினை” என்று கூறி, அவர் தம் அனுபவத்தைச் சொல்லலானார்.

பணத்தை மிச்சப்படுத்த எண்ணி, சூரியத் தகட்டுக்குரிய மின்னேற்றச் சீராக்கியையே காற்றாடிக்கும் பொருத்தியிருந்தாராம். பற்றறி நிறைந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் வகையினது அது. முல்லைத்தீவுக்கு நேரே கடலிற் சென்ற ஓரிரவு காற்று ஓங்கியது, பற்றறி நிறைந்தது, சீராக்கி துண்டித்தது. சுமையிழந்த காற்றாடி வெறிகொண்டு சுழன்றது. மின்னழுத்தம் உயர்ந்து சீராக்கி கருகியது. காற்றாடியின் அலகொன்று முறிந்து கடலில் வீழ்ந்தது. கம்பிகள் புகையவே, தீக்கு அஞ்சித் தலைமைச் சுவிச்சை அணைத்தார். இருண்ட படகில், கைவிளக்கைப் பாயின்மேல் அடித்தவாறு விடியும்வரை விழித்திருந்தார். சரக்குக் கப்பலொன்று அதன் இயந்திர ஒலி கேட்கும் அண்மையிற் கடந்து சென்றதாம்.

“மாஸ்டர், வெயிலைத் தடுத்துவிடலாம், காற்றைத் தடுக்க முடியுமோ?” என்றார் அவர்.

சூரியத் தகட்டைத் துண்டித்தால் அது வெயிலில் வாளா கிடக்கும், தீங்கில்லை. காற்றாடியோ சுமை உள்ளவரையே அடங்கிச் சுழலும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் வலு எண்மடங்காகும். ஆதலால், மிகுந்து வரும் மின்னைத் தடைக்கம்பியிற் செலுத்தி வெப்பமாக்கிவிடும் சீராக்கியே அதற்கு ஏற்றது. நிறைந்த குளத்துக்கு வான் கட்டுவது போன்றது இது. அத்தடைக்கம்பி காற்றாடியின் முழு வலுவையும் தாங்கவேண்டும்; எரிபொருளுக்கு விலகி, காற்றோட்டமுள்ள இடத்தில் இருத்தல்வேண்டும்.

சூரியத் தகட்டுக்குரிய சீராக்கிகளில் பி.டபிள்யூ.எம். என்பது மலிவானது, எனினும் தகட்டின் மிகையழுத்தம் அதிற் பயனின்றிப் போகும். எம்.பி.பி.ரி. என்பதோ அம்மிகையழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றித் தரும். தகடு விரிக்க இடமற்ற படகுக்குப் பின்னதே இலாபம்.

பற்றறியின் இனமறிந்தும் தெரிதல்வேண்டும். 12 வோல்ற்று ஈயப் பற்றறியை ஏறத்தாழ 14.4 வோல்ற்றில் நிரப்பி, பின்னர் 13.5 அளவில் வைத்திருப்பர். மிஞ்சினால் நீர் வற்றுவதோடு, தீப்பற்றும் ஐதரசன் வாயுவும் வெளிப்படும். லிதியம் பற்றறி தன்னைக் காத்துக்கொள்ளத் திடீரெனத் துண்டித்துக்கொள்ளக்கூடும். அவ்வேளையிலும் காற்றாடிக்குச் சுமை வேண்டும்.

இன்று அவர் படகில், காற்றுக்கு ஒன்றும் வெயிலுக்கு ஒன்றுமாகச் சீராக்கிகள் இரண்டு உள்ளன.

மாலை மயங்கியது. வள்ளத்திற் கரை திரும்பும்போது, பாய்மர உச்சியில் நங்கூர விளக்கு எரியத் தொடங்கியது. அதனை முதலிற் கண்டு எமக்குக் காட்டியவன், “இலவசந்தானே” என்று கேட்ட அம்மாணவனே.