வெட்டுத்துண்டு தேடி ஒரு பயணம்

மஹரகம என்றதும் எங்கள் பகுதியில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புற்றுநோய் வைத்தியசாலைதான். "நாளைக்கு இரவு பஸ்ஸில் மஹரகமவுக்குப் போறம், நீங்களும் வாறியளோ பெரியம்மா?" என்று நான் கேட்டபோது அவருடைய முகம் வாடிவிட்டது. "ஆருக்குப் பிள்ளை வருத்தம்?" என்றார். அவருடைய தங்கை அங்கே சிகிச்சை பெற்றபோது கூடவே இருந்து பார்த்தவர் அவர். துணி வாங்கத்தான் போகிறோம் என்று விளங்கப்படுத்திய பிறகும், "அங்க துணியும் விக்கிறவையோ?" என்று இரண்டு தடவை கேட்டார்.

விற்கிறார்கள். மஹரகம நகரத்தை அடுத்துள்ள பமுனுவ என்ற இடம் முழுவதுமே துணிதான். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் துணி, ஏற்றுமதிக்குத் தேறாத உடுப்பு, பொத்தான், சிப், எலாஸ்டிக், நூற்கோன் என்று எல்லாமே அங்கே வந்து சேருகின்றன. யாருக்காகக் கொழும்பில் வெட்டினார்களோ அவர்களுக்குத் தேவைப்படாமல் போன துண்டுகள் கிலோக்கணக்கில் நிறுக்கப்பட்டு நாட்டின் நாலா பக்கத்துக்கும் போகின்றன. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் 'முறைசாராத் துறை' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். பமுனுவவை அப்போது நான் கண்டதில்லை.

நான் வேலை செய்வது கிளிநொச்சி மாவட்டத்தில், பரந்தன் - முல்லைத்தீவு வீதியை அண்டிய ஒரு கிராமத்தில். அங்குள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் வாரத்தில் மூன்று நாள் தையல் வேலை நடக்கிறது. மொத்தம் பதினொரு பெண்கள், ஐந்து மெசின்கள். அவற்றில் நான்கு காலால் மிதிக்கும் பழைய மெசின்கள்.

ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இது இரண்டாவது பயணம். முதல் தடவை, 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நான் தனியாகப் போயிருந்தேன். அதற்கு முந்திய வருட நெருக்கடியில் கடைத்துணியின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டிருந்ததால், கிலோக்கணக்கில் துணி என்றதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. பளபளப்பான துண்டு, நல்ல நிறம், கைக்கு மிருதுவானது என்று பார்த்துப் பார்த்து இரண்டு உரப்பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். கட்டடத்தில் பையை அவிழ்த்துக் கொட்டியதும் எல்லோரும் சந்தோசமாகக் குனிந்தார்கள். பெரியம்மா ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது ரப்பர் மாதிரி இழுபடுது பிள்ளை. எங்கட மெசின் இதைத் தைக்காது."

அப்படியேதான் நடந்தது. இழுபடும் துணிக்கு முனை மழுங்கிய வேறு ஊசி வேண்டும். ஓரத்துக்கு ஓவர்லொக் மெசின் வேண்டும். சாதாரண ஊசி போட்ட மிதிமெசினில் தையல் விட்டு விட்டு விழுந்தது. ஒழுங்காக விழுந்த இடத்திலும் துணி இழுபடும்போது நூல் அறுந்தது. அந்தக் காசு சங்கத்தின் சுழற்சி நிதியிலிருந்து எடுத்தது. அதிற் பெரும்பங்கு அவர்கள் வாராவாரம் போட்ட சேமிப்பு. என் சம்பளத்திலிருந்து திருப்பித் தருகிறேன் என்றேன். யாரும் ஏற்கவில்லை. "அடுத்த முறை எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்பதுதான் அவர்கள் விதித்த தண்டம்.

ஆகவே 2024 பங்குனியில் மூன்று பேர் புறப்பட்டோம். பெரியம்மா, சங்கத்தின் பொருளாளர், நான். பொருளாளருக்கு முப்பத்திரண்டு வயது. யுத்தம் முடிந்த பிறகு கட்டுநாயக்கவில் ஆறு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் நின்றவர். இரவு பஸ் புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று போய், விடிவதற்கு முன் கட்டுநாயக்கவைக் கடந்தபோது அவர் மட்டும் விழித்திருந்தார். 1978 இல் திறக்கப்பட்ட அந்த வர்த்தக வலயத்தின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. "போர்டிங்கில ஒரு அறைக்க ஆறு பேர் மிஸ். எல்லாருக்கும் ஒரு கிணறு" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

புறக்கோட்டையில் முகம் கழுவி, தேநீர் குடித்து, 138 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினோம். நுகேகொட, தெல்கந்த என்று ஹைலெவல் வீதியில் அந்த பஸ் ஊர்ந்து செல்லும். மஹரகம நெருங்கியதும் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையில்லை என்று எனக்குத் தெரியும்.

பமுனுவ வீதியில் கால் வைத்த பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். இரண்டு பக்கமும் கடைகள், கடைகளுக்கு இடையே ஒடுங்கிய ஒழுங்கைகள், ஒழுங்கைகளுக்குள்ளும் கடைகள். சில கடைகளில் துணி இறாக்கையில் இருக்கும். நாங்கள் தேடிப் போனது நிலத்தில் மலைபோலக் குவிந்து கிடக்கும் கடைகளை. புத்தாண்டுக்கு முந்திய காலமென்பதால் சனம் நெருக்கியடித்தது. வெயிலுக்கு முன்னரே போய்விடுவது நல்லது என்பது நான் முதல் தடவை கற்ற ஒரேயொரு பாடம்.

பெரியம்மா குவியலுக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். அவர் துணி தெரியும் விதத்தை நான் ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் இரண்டு பக்கமாகவும் இழுப்பார். இழுபட்டால் தள்ளிவிடுவார். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். அதன் பிறகு விரலை நாக்கில் தொட்டு ஓர் ஓரத்தில் வைப்பார். ஈரம் உடனே ஊறினால் பருத்தி, அப்படியே முத்தாக நின்றால் வேண்டாம். சந்தேகமான துண்டிலிருந்து நாலைந்து இழையை உருவி எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்து நெருப்புக்குச்சி தட்டினார். பருத்தி கடதாசி எரிவதுபோல மணந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகும். இதெல்லாம் யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில நிவாரணத்துக்குத் தந்த உடுப்புகளைப் பிரிச்சுத்தானே பிள்ளையளுக்குத் தைச்சனாங்கள். அப்ப பிடிபட்டது" என்றார்.

கதைக்கும் பொறுப்பு பொருளாளருடையது. கட்டுநாயக்கவில் பழகிய சிங்களம் அவரிடம் சரளமாக இருந்தது. கடைக்காரப் பெண் முதலில் எங்களைத் துண்டு தெரிய விடவில்லை. அள்ளியபடி நிறுக்க வேண்டும், தெரிவதென்றால் கிலோவுக்கு விலை கூட என்றார். பொருளாளர் ஏதோ சொன்னார், அந்தப் பெண் சிரித்தார். அவரும் ஒரு காலத்தில் தொழிற்சாலையில் நின்றவராம். பெரியம்மாவை அவர் "அம்மே" என்றும் என்னை "நங்கி" என்றும் கூப்பிட்டார். தெரிந்தெடுத்துக் கொள்ளச் சொல்லிவிட்டு விலையில் பாதி வித்தியாசத்தை மட்டும் கேட்டார். அது நியாயம்தான். நாங்கள் தெரிந்துவிட்டுப் போன பிறகு மிஞ்சுவதை அவர் மலிவாகத்தான் விற்க வேண்டும்.

குவியலுக்குள் கிடந்த சில துண்டுகளில் விரல்நகம் அளவில் எண் அச்சடித்த சிறு ஒட்டுத்தாள்கள் இருந்தன. விலை என்று நினைத்தேன். பொருளாளர் விளக்கினார். தொழிற்சாலையில் துணியைப் பல அடுக்காக விரித்து ஒன்றாக வெட்டுவார்கள். ஒரே நிறம் என்றாலும் ஒரு சுருளுக்கும் மற்றச் சுருளுக்கும் சாயம் சற்றே மாறும். ஆகவே ஒரே அடுக்கில் வெட்டிய கைக்கும் முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் ஒரே எண் ஒட்டுவார்கள். எண் மாறித் தைத்தால் உடுப்புத் திரும்பி வரும். "ரெண்டு வருசம் இதை ஒட்டுறதுதான் என்ர வேலை. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் எண்டு கணக்கில்லை" என்றபடி அந்தத் தாளை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

உள்ளங்கையிலும் சிறிய துண்டு எதையும் பெரியம்மா எடுக்கவில்லை. இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போனால் அதில் என்ன மிஞ்சும்? மாலைக்குள் பதினெட்டு கிலோ பருத்தித் துண்டும், தனியாக எலாஸ்டிக்கும் நூலும் சேர்ந்தன. ஊர் திரும்பும் பஸ்ஸில் நடத்துநர் இரண்டு மூட்டைக்கும் ஓர் ஆளின் கட்டணம் கேட்டார். அதையும் கணக்குப் புத்தகத்தில் எழுதினோம்.

அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதற் பயணத்தில் நான் வாங்கிய இழுவைத் துணி வீணாகிவிடக்கூடாது என்று பொருளாளர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதைக் குறுக்காக ஓர் அங்குல நாடாவாக வெட்டி இழுத்துவிட்டால், இரண்டு ஓரமும் உட்பக்கம் சுருண்டு கயிறுபோலாகும். மூன்று கயிறைப் பின்னி, வட்டமாகச் சுற்றிக் கைத்தையல் போட்டால் நல்ல கால்மிதி. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கணக்கில் அது வேறு மாதிரித் தெரிந்தது. ஒரு கால்மிதியை 350 ரூபாவுக்கு விற்றோம். துணியும் நூலும் 120 ரூபா. பின்னித் தைக்க நான்கு மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு அறுபது ரூபா கூட இல்லை. "வயலுக்குக் களை பிடுங்கப் போனால் இதைவிடக் கூட வரும்" என்று ஒரு தங்கை சொன்னபோது எவராலும் மறுக்க முடியவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே என்று நலன்புரிக் கூட்டங்களில் நாங்களே சொல்லிவருகிறோம். அந்தப் பதினொரு பேரில் வீட்டில் சும்மா இருப்பவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

கால்மிதியை விட்டுக் குழந்தை உடுப்புக்கு மாறியது அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான். பிறந்த குழந்தையின் சட்டைக்கு உள்ளங்கை இரண்டு அகலத் துண்டுகள் போதும். சிறு துண்டு அங்கேதான் முழுத்துணியாகிறது. துணியை முதலில் சுடுநீரில் ஊறவைத்துக் காயவிட்டு, சுருங்குவது சுருங்கிய பின்னரே வெட்டுகிறோம். பொத்தான் வைப்பதில்லை, முதுகில் நாடா. கழுத்துக்கும் கைக்கும் குறுக்குவாட்டில் வெட்டிய நாடாவால் ஓரம் கட்டுவதால் குழந்தையின் தோலில் தையல் உறுத்தாது. ஒரு மணித்தியாலத்தில் ஒன்று முடிகிறது. கிளினிக் நாட்களில் வரும் கர்ப்பிணித் தாய்மாரே வாங்கிவிடுகிறார்கள்.

வெட்டுத்துண்டு வேலைக்கு நடுவில் பெண்கள் தங்கள் வீட்டுப் பழைய உடுப்புகளையும் கொண்டுவரத் தொடங்கினார்கள். நடுவில் நைந்த படுக்கை விரிப்பை நெடுக்காகக் கிழித்து, தேயாத இரண்டு ஓரங்களையும் நடுவில் இணைத்தால் இன்னும் இரண்டு வருடம் போகும். பழைய சாரத்தில் இருக்கும் பகுதிதான் முதலில் நையும். கரைப்பக்கம் புதிதாகவே இருக்கும், அதில் தலையணை உறை தைக்கலாம். நூல் சேலையின் மெலிந்த உடல் ஏணைக்கும் குழந்தைத் துணிக்கும் உகந்தது.

ஒருவர் மட்டும் மூன்று ஆண்கள் சேட்டுகளை ஒவ்வொரு வாரமும் கொண்டுவந்து, கட்டடத்தில் உள்ள மின்னழுத்தியால் அழுத்தி, மடித்து, திரும்பவும் எடுத்துப்போனார். அவருடைய கணவர் 2009 வைகாசியிலிருந்து இல்லை. தேடிப் போகாத இடமில்லை, கொடுக்காத மனு இல்லை. அந்தச் சேட்டுகளை வெட்டலாமா என்று நாங்கள் எவரும் கேட்கவில்லை. ஒரு நாள் அவராகவே ஒன்றை விரித்து, மகனுக்கு அளவாக்க வேண்டும் என்றார். அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது பதினைந்து வயது. தோள் சரியாக இருந்தது. கையும் நீளமும்தான் கூட. நான் கத்தரிக்கோலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையை இரண்டு அங்குலம் உட்பக்கம் மடித்து, கீழ் ஓரத்தையும் அப்படியே மடித்து, பெரிய தையலாகப் போட்டார். ஒரு நூல்கூட வெட்டவில்லை. "பிறகு பிரிச்சு விடலாம்தானே மிஸ்" என்றார். பெரியம்மா அருகில் வந்து மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, கைத்தையல் நல்ல நேர் என்று மட்டும் சொன்னார்.

சென்ற ஆடியில் மூன்றாவது பயணம். அன்று பிரதேச செயலகத்தில் எனக்கு ஒரு கூட்டம் இருந்ததால், திகதியை மாற்றுங்கள் என்று கேட்டேன். மாற்றவில்லை. நான் இல்லாமலே நால்வர் போனார்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பொருளாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். இருபத்திரண்டு கிலோ, எல்லாம் பருத்தி, விலை போன முறையைவிடச் சற்றுக் கூட என்றார். பெரியம்மாவிடம் கொடுங்கள் என்றேன். அவர் எலாஸ்டிக் கடையில் இன்னமும் பேரம் பேசிக்கொண்டு நிற்பதாகப் பதில் வந்தது.