உழவாரப் பணி

பி.காம். படித்தவர்களுக்குத் 'தேய்மானம்' என்றொரு பாடம் உண்டு. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஒரு காலத்தில் வருஷம் 60 சதவீதம் தேய்மானம் போட்டார்கள். 2017-18-லிருந்து அது 40 ஆனது. இந்தக் குறைந்த விகிதப்படி பார்த்தாலே, 30,000 ரூபாய்க்கு வாங்கிய பெட்டி ஐந்தே வருஷத்தில் ஏட்டில் 2,333 ரூபாய்தான். அது உட்கார்ந்திருக்கும் மேஜைக்கு 10 சதவீதம்தான் தேய்மானம்.

இந்தக் கணக்கு நம் மனசிலும் ஏறிவிட்டது. பெட்டி கொஞ்சம் முனகினாலே, "பழசாயிடுச்சு, தூக்கிப் போடு" என்கிறோம். பழசா, அழுக்கா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

திருநின்றவூர் ஸ்டேஷன் பக்கம் ஜாப் டைப்பிங் கடை நடத்தும் ஒரு பெண்மணியிடம் பன்னிரண்டு வருஷத்து டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது. கல்லூரி அட்மிஷன் நேரம், வாசலில் கூட்டம். மெஷின் அரைமணி நேரம் ஓடும், பட்டென்று அணைந்துவிடும். பார்க்க வந்த ஓர் ஆசாமி மூடியைக்கூடக் கழற்றாமல், "மதர்போர்டு போச்சும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போய்விட்டார். புதுசு 30,000 ரூபாய். பக்கத்துக்கு இருபது ரூபாய் வாங்குகிறவருக்கு அது 1,500 பக்கம். வாடகை, கரன்ட், பேப்பர் எல்லாம் தனி.

காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பாலிடெக்னிக் பையன் ஒருவனைக் கூப்பிட்டார்கள். நானும் வேடிக்கை பார்த்தேன். பிளக்கைப் பிடுங்கினான். பக்கத்து மூடியின் இரண்டு ஸ்குருவைக் கழற்றினான். உடம்பிலிருக்கும் நிலை மின்சாரம் இறங்கட்டும் என்று கேபினட்டின் இரும்பை ஒரு தரம் தொட்டுக்கொண்டான். உள்ளே எட்டிப் பார்த்ததும் எனக்குத் தும்மல் வந்தது.

பிராசஸர் மேல் அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஹீட் சிங்க் என்பார்கள். சூட்டை வாங்கிக் காற்றில் விடுவது அதன் வேலை. அந்தத் தகடுகளின் இடுக்கெல்லாம் ரோட்டுப் புழுதி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. ஃபேன் சுற்றியும் காற்று போக வழியில்லை. சூடு ஏற ஏற பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கருகிப் போகாமலிருக்க மெஷினே அணைந்துவிடும். அரைமணி நேர மர்மம் இவ்வளவுதான்.

"போர்டு நல்லாத்தான் இருக்குதுக்கா. மூச்சு முட்டுது, அவ்ளோதான்."

"நெஜமாவா தம்பி?"

வாசலுக்குத் தூக்கிப் போய் பிளோயரால் ஊதினான். ஃபேனை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். விட்டால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெட்டுவிடும். பிராசஸர் மேல் காய்ந்து கிடந்த பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுசு வைத்தான். ராமின் தங்க முலாம் பூசிய விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டான். தேதியை மறந்து பழைய வருஷத்துக்கே போய்க்கொண்டிருந்த போர்டுக்கு சிஆர்2032 பட்டன் பேட்டரி மாற்றினான். அந்த எண்ணிலேயே ஜாதகம் இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பவர் சப்ளை டப்பாவை மட்டும் திறக்கவில்லை, வெளியிலிருந்து ஊதினதோடு சரி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

மூலையில் ஒரு பல்லி முட்டை. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி ஹார்வர்டு மார்க்-2 கம்ப்யூட்டரின் ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியது. எடுத்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். அது இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. நம் பல்லி முட்டை குப்பைக்குப் போனது.

இதே திருநின்றவூரில்தான் பூசலார் நாயனார் இருந்தார். கோயில் கட்டப் பணமில்லாமல் மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தொடங்கி கும்பாபிஷேகம் வரை வந்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் தன் கற்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்த பல்லவ ராஜாவின் கனவில் சிவபெருமான் வந்து, "தேதியை மாற்றிக்கொள், நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன்" என்றதாகப் பெரிய புராணம் சொல்கிறது. இதய நோயாளிகள் வேண்டிக்கொள்ள வரும் ஹிருதயாலீஸ்வரர் கோயில் இந்தக் கதைக்குச் சாட்சி.

சாஃப்ட்வேர் பூசலார் கோயில் மாதிரி. அதில் ஒட்டடை படியாது. ஹார்ட்வேர் காஞ்சிக் கோயில். கல்லோ சிலிக்கானோ, உடம்பு என்று ஒன்று இருந்தால் தூசி சேரும், புல் முளைக்கும். அதனால்தான் அப்பர் சுவாமிகள் உழவாரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாகப் போனார். கட்டுகிறவனுக்குக் கல்வெட்டு உண்டு, செதுக்கிச் சுத்தம் செய்கிறவனுக்குக் கிடையாது. அவன் இல்லாவிட்டால் கல்வெட்டையும் புல் மூடிவிடும்.

பிரஷ்ஷால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெபாசிட்டர் தலை உப்பியிருந்தால் தெரிந்தவர்தான் மாற்ற வேண்டும், ரிச்சி தெருவில் அதற்கு ஆள் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய பிராசஸர்களை ஏற்பதில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதே கட்டாய ரிடையர்மென்ட்! அந்தப் பையன் அதற்கும் ஒரு வழி சொன்னான். இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு இதை டைப்பிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்வது, ஆன்லைன் வேலைக்கு செல்போன். "நெட்டே வேணும்னா லினக்ஸ் போட்டுத் தர்றேன்கா."

பேஸ்ட், பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து 500 ரூபாய். அதாவது 25 பக்கம். அன்று மதியத்துக்குள் அடித்துவிட்டார். மெஷின் அணையவில்லை.

ஆயுத பூஜைக்கு வருஷம் தவறாமல் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கிறோம். வெளியே பளபளவென்று துடைக்கிறோம். இந்த வருஷம் அதற்கு முன்னால் அந்த இரண்டு ஸ்குருவையும் கழற்றிப் பாருங்கள். சந்தனம் மட்டும் உள்ளே வேண்டாம். அங்கே வைக்கிற பேஸ்ட் வேறு.