அடுப்பு மேடைக்கு எந்தக் கல்?

இந்த செமஸ்டர் லீவில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் கல் பார்த்தது. ஆமாங்க, வீட்டு அடுப்பு மேடைக்குத்தான்.

எங்கள் அம்மா வீட்டிலேயே சமைத்து, பக்கத்து பனியன் கம்பெனி ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறார். தினமும் 40 சாப்பாடு. ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் நைட் ஷிப்டுக்கும் சேர்த்து 60-ஐத் தாண்டும். திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொதிக்கிற குண்டானை இறக்குவது, தேங்காய் உடைப்பது, கிரைண்டர் கல்லைக் கழற்றி வைப்பது எல்லாம் அந்த மேடையில்தான். மேடை வேலை நடக்கிற நாட்களில் சாப்பாடும் கிடையாது, வருமானமும் கிடையாது. அதனால் ஒரே தடவையில் சரியாக முடிக்க வேண்டும்.

பழைய மேடை கடப்பா கல். ஆந்திராவில் கடப்பா, கர்னூல் பக்கம் வெட்டி எடுப்பது. விலை குறைவு, சுமையும் தாங்கும். ஆனால் அது சுண்ணாம்புக்கல். புளி, எலுமிச்சை, தயிர் மூன்றிலும் அமிலம் இருப்பதால் பட்ட இடமெல்லாம் அரித்து வெளுத்துப்போகும். மார்பிளும் இதே குடும்பம்தான். தினமும் ரசம் வைக்கிற வீட்டுக்கு ஆகாது.

கல்லின் கெட்டித்தன்மையை அளக்க மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ல் ஓர் அளவுகோல் வகுத்தார். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட்டுக்கு அதில் 3. சமையலறைக் கத்திக்கு ஐந்தரை போல வரும். கிரானைட்டில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7. எது எதைக் கீறும் என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது. அம்மியும் ஆட்டுக்கல்லும் எதில் செய்தார்கள்? நம்ம பாட்டிகள் மோஸைப் படிக்கவில்லை, அவ்வளவுதான் :)

டைல்ஸ் ஒட்டலாமே என்றார் மாமா. தேங்காய் உடைத்தால் டைல்ஸும் சேர்ந்து உடையும். இணைப்புக் கோடுகளில் மாவு இறங்கி எறும்பு வரும். ஹோட்டல்களில் போடும் ஸ்டீல் நல்லதுதான், சுத்தம் செய்வது சுலபம். ஆனால் தகடு மெலிசாக இருந்தால் நசுங்கும்.

அக்காவுக்கு ஆசை குவார்ட்ஸ் மேல். கடையில் வெள்ளை வெளேரென்று மின்னியது. குவார்ட்ஸ் என்ற பெயரைப் பார்த்து முழுக் கல் என்று நினைத்துவிடாதீர்கள். குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்த பலகை அது. கறை பிடிக்காது, ஆனால் பிசினுக்குச் சூடு ஆகாது. 150 டிகிரிக்கு மேல் போனால் நிறம் மாறலாம். தாளித்த கடாய் அதையும் தாண்டும். எங்கள் வீட்டில் அதன் ஆயுள் ஒரு வாரம்!

இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பலகையில் 90 சதவீதம் வரை சிலிக்கா. வெட்டும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற நோயைத் தருகிறது. அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆஸ்திரேலியாவில் வெட்டும் தொழிலாளர்கள் பலருக்கு அது வந்ததால், 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையையே அங்கே தடை செய்துவிட்டார்கள்.

ஆக, கிரானைட். வெள்ளையில் 'காஷ்மீர் ஒயிட்' காட்டினார்கள். பெயர்தான் காஷ்மீர், வருவது நம்ம மதுரைப் பக்கத்திலிருந்து. வெளிர் கல் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும் என்பதால் கறுப்புக்குப் போனோம். கறுப்பில் சாயம் பூசி விற்பதும் உண்டு. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், கறுப்பு ஒட்டினால் அது சாயம். நம்ம ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறுப்புக் கல்லில் வெள்ளைத் தடம் தெரியும். தினமும் துடைத்தால் போதும், ஆசிட் வேண்டாம். கல்லுக்கு அடியில் கலவை முழுசாக நிரம்பியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அந்த இடத்தில்தான் பின்னால் விரிசல் விடும்.

கல் போட வந்த அண்ணன் வாசலில் உட்கார்ந்து மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினை எடுத்தார். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, குவார்ட்ஸ் பலகையைவிடக் குறைவு, அவ்வளவுதான். துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது.

"அண்ணா, தண்ணி ஊத்தி அறுங்களே" என்றேன்.

"தண்ணி ஊத்துனா லேட்டாகுமுங்க தம்பி. அம்மாவுக்கு நாளைக்கே அடுப்பு பத்த வைக்கோணும்ல?"

அம்மா உள்ளேயிருந்து வந்தார். "ஒரு நாள் சேத்தி ஆனாப் பரவால்லீங்க. நீங்க தண்ணி விட்டே அறுங்க" என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்காரர்களுக்கு போன் போடப் போனார்.

மெஷின் பிளேடு மேல் விழுகிற மாதிரி நான் டியூபைப் பிடித்துக்கொண்டேன். வாசல் முழுக்கக் கறுப்புச் சேறு. ஆனால் தூசி எழும்பவே இல்லை. ஒரு நாள் சாப்பாடு, அதாவது 40 பேரின் காசு, போனது உண்மைதான்.

மேடை நன்றாக உழைக்கிறது. உங்கள் வீட்டில் கல் போடும்போது என்ன கல், என்ன விலை என்று கேட்பதோடு "தண்ணி விட்டு அறுப்பீங்களா?" என்றும் கேளுங்கள். அதற்காக அரை நாளோ ஒரு நாளோ கூட ஆனால், அந்தக் கூலியையும் சேர்த்தே கொடுங்கள்.