பாடு நாளும் மாத்திரை நேரமும்

பழவேற்காடு,
ஐப்பசி, ஞாயிறு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுவது. முந்தாநாள் நீ போனில் சலித்துக்கொண்டபோது எனக்கு டியூட்டி நேரம், பதில் சொல்ல முடியவில்லை. இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். நைட்டிங்கேல், ஹென்டர்சன், ஓரெம், ராய் என்று நர்ஸிங் கோட்பாடு எழுதியவர்களின் பேரையும் வருஷத்தையும் மனப்பாடம் பண்ணினால் ஊசி போட வந்துவிடுமா என்று கேட்டாய். வராது. ஊசி போட்டுக்கொண்ட ஆள் வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறார் என்று யோசிக்கத்தான் அந்தப் பாடமெல்லாம்.

நம் குப்பத்து மாமா ஒருவரை எடுத்துக்கொள். பேர் வேண்டாம், படிக்கும்போதே உனக்குத் தெரிந்துவிடும். சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிறது. சேற்றில் இறங்கிக் கழி ஊன்றும்போது சிப்பி ஓடு உள்ளங்காலைக் கிழித்திருக்கிறது. அவருக்கு வலியே தெரியவில்லை. நரம்பு மரத்துப்போன காலில் எப்படித் தெரியும்? வாசலில் ரத்தக்கறையைப் பார்த்து அத்தைதான் கண்டுபிடித்தார். புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து, “காலைத் தண்ணியில வைக்காதீங்க” என்று சொல்லி அனுப்புவது வழக்கம். சொன்னது தப்பில்லை. உப்பும் நன்னீரும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்றொரு கிருமி வாழும். சர்க்கரைக்காரரின் புண்ணில் அது புகுந்தால் காலோடு போகாது, உயிரையும் கேட்கும். ஆனால் ஏரியில் பிழைக்கிறவரிடம் ஏரியில் கால் வைக்காதே என்றால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

பாடு முறை உனக்குத் தெரிந்ததுதான். உன் வகுப்புத் தோழிகளுக்கு நீதான் சொல்ல வேண்டும். இறால் படும் நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று தலைக்கட்டுவாரியாக முறை வைத்திருக்கிறார்கள். தன் முறையை விட்டவர் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். கட்டு மாற்ற வரச் சொன்ன நாள் பாடு நாளாக இருந்தால் மாமா வரமாட்டார். ரிஜிஸ்டரில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று ஒரு வரி ஏறிவிடும். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அவரிடம் பாடு எந்த நாள் என்று யாராவது கேட்டார்களா?

கேட்க வைக்கிறவர் டொரோத்தியா ஓரெம். 1971-இல் வந்த அவருடைய புத்தகத்தின் சாரம் இதுதான்: ஒருவர் தன் உடம்புக்காகத் தினமும் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன, அவரால் செய்ய முடிந்தவை சில. இரண்டுக்கும் நடுவே விழும் பள்ளம்தான் நர்ஸின் வேலை. முழுக்க நாமே செய்வது, பாதி செய்வது, சொல்லிக்கொடுத்துத் துணைநிற்பது என்று மூன்று விதமாக அதை அடைக்கலாம். மாமாவுக்கு முதல் விதம் தேவையில்லை. உள்ளங்காலை அவரால் குனிந்து பார்க்க முடியாது, கண்ணும் மங்கல். அது பாதி வேலை. ராத்திரி படுக்கும் முன் டார்ச் அடித்துப் பார்க்க அத்தைக்குக் கற்றுக்கொடுத்தோம். இன்னொன்று, பேச்சுக்கொடுத்தபோதுதான் தெரிந்தது. சாயங்காலம் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வெறும் டீயோடு படகேறி விடிய விடிய வலையில் நிற்கிறார். ‘தலை சுத்துது, கை நடுங்குது, பனிதான்’ என்று இருந்திருக்கிறார். பனியாவது! கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கும், நடு ஏரியில் மயங்கினால் தூக்க ஆள் இருக்காது. டாக்டரிடம் பேசி, பாடு நாளுக்கு மாத்திரையும் சாப்பாடும் எந்த நேரம் என்று தனியாக எழுதி வாங்கினோம். படகு டப்பாவில் குளுக்கோஸ் பாக்கெட் போட்டு வைத்தோம். புண் ஆறும்வரை பாடு முறைக்கு அவர் தம்பி மகன் போனான். பிறகு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், போட்டால் சரி.

ஓரெமோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. ‘தானே தன்னைப் பார்த்துக்கொள்வது’ என்று அவர் சொல்லும் அந்தத் ‘தான்’ நம் ஊரில் ஓர் ஆள் இல்லை, ஒரு வீடு. மாத்திரை எடுத்துத் தருவது, கால் பார்ப்பது, குழம்பில் உப்பைக் குறைப்பது எல்லாம் அத்தை. சார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொள்வது என்று ஓரெமும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார். வகுப்பில் அதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நீ தாண்டாதே.

அந்த அத்தைகளிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு மேடலின் லெய்னிங்கர். நர்ஸாக இருந்து மானுடவியல் படித்து, நியூ கினி மலைநாட்டில் கட்சுப் மக்களோடு தங்கி ஆராய்ந்தவர். ஊர் வழக்கத்தில் சிலதை அப்படியே காக்கலாம், சிலதைப் பேசி வளைக்கலாம், சிலதை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுப்பதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை, நல்ல புரதம். வெட்டுக்காயத்தில் காப்பித்தூள் அப்ப விடமாட்டேன், அங்கே சமரசமே கிடையாது. நடுவில் கிடந்து படுத்துவது கருவாடு. பிரஷர்காரரிடம் கருவாட்டை விடு என்று சொல்லிப் பார், உன் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்று, குழம்பில் தனியாக உப்புப் போடாதே, வாரத்துக்கு ஒருநாள் போதும் என்று பேரம் பேச வேண்டும். மீன் விற்கிற வீட்டில் பேரம் பேசவா சொல்லித்தர வேண்டும்?

ஹென்டர்சனின் 14 தேவைகளை மூச்சு, சாப்பாடு, கழிவு, தூக்கம் என்று கடகடவென ஒப்பித்துவிடுவாய். முடிவுக்குப் பக்கத்தில், செய்து முடித்தோம் என்ற நிறைவு தரும் வேலையும் ஒரு தேவை என்று வரும் பார், அங்கே நிறுத்திப் படி. மாமா கால் கட்டோடு திண்ணையில் கிடந்த நாட்களில் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பாடு போச்சே என்றுதான் புலம்பினார்.

வாய் திறக்காதவர்களிடம் எப்படிப் பழகுவது என்பதற்குப் பெப்லா. அவருடைய புத்தகம் 1952-இல் வந்தது. எழுதி முடித்துச் சில வருஷம் கழித்துத்தான் அச்சேறியது. டாக்டர் ஒருவர் கூட்டாசிரியராக இல்லாமல் ஒரு நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவதா என்று பதிப்பாளருக்குத் தயக்கமாம்! நோயாளிக்கு நர்ஸ் முதலில் ஓர் அந்நியர், அங்கிருந்துதான் உறவு தொடங்குகிறது என்று எழுதினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள் நம்மிடம் வந்தால் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். கேட்டதற்கு மேல் ஒரு சொல் வராது. அரிப்பு, நீர்க்கடுப்பு எதையும் முதல் நாள் சொல்லமாட்டார்கள். மூன்றாம் முறை வரும்போது சொன்னால் பெப்லா ஜெயித்தார் என்று வைத்துக்கொள்.

நைட்டிங்கேலைப் பழசு என்று ஒதுக்காதே. நல்ல காற்று, நல்ல தண்ணீர், சாக்கடை, சுத்தம், வெளிச்சம் என்று 1859-இல் அவர் எழுதிய ஐந்தும் இந்த மழைக்காலத்தில் என் பையிலேயே இருக்கின்றன. இங்கே நிலத்தடி நீர் உப்பு. குடிநீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்காமல் முடியாது. மூடாத டிரம் இருந்தால் டெங்குக் கொசு வரும். ராயின் தகவமைப்பு மாதிரியைக் குழந்தைகள் வார்டுக்குப் போகும்போது படி, அப்போது புரியும். மார்த்தா ரோஜர்ஸின் ஆற்றல் புலம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பரீட்சைக்கு எழுதிவிட்டு விட்டுவிடு.

2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பாடு நாளென்று நம்மிடம் வராவிட்டாலும் மாத்திரை தவறுவதில்லை. ஆனால் அந்த மாத்திரை எப்போது வயிற்றுக்குள் போகிறது என்று கேட்க ஆள் வேண்டும். அந்த ஆளாக நீ வர வேண்டும்.

பொங்கல் லீவுக்கு வரும்போது பி.பி. பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு வா. உன் அம்மா பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். நான் கேட்டால் சண்டைக்கு வருகிறாள். நீ கேள்.

அன்புடன்,
உன் சித்தி