மின்சாரக் காரில் கலவானவுக்கு

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகல வழியாகக் கலவானவுக்குச் செல்லும் பாதை நாற்பது கிலோமீற்றருக்கும் குறைவானதே. எனினும் அன்று அது மிக நீண்ட பாதையாகவே எமக்குத் தோன்றிற்று. நாம் ஏறியிருந்தது, 2014ஆம் ஆண்டளவில் தீர்வை குறைந்திருந்தபோது இலங்கையில் பெருந்தொகையாக வந்திறங்கிய ஜப்பானிய மின்சாரக் கார்களில் ஒன்று. புதிதாக இருந்த காலத்தில் ஒரு மின்னேற்றத்தில் 120 கிலோமீற்றர் ஓடியிருக்கும். வெப்பத்தில் பற்றரி தேயும். இப்போது எண்பது ஓடினால் புண்ணியம்.

எம்மை அழைத்தவர் கலவானவுக்கு அண்மையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழும் ஆசிரிய நண்பர். லயன்களில் எவருக்கேனும் நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் முதலில் தட்டப்படுவது அவர் வீட்டுக் கதவுதான். கலவான வைத்தியசாலைக்கும், நோய் முற்றினால் இரத்தினபுரிக்கும் அவருடைய பழைய பெற்றோல் கார் எத்தனையோ முறை ஓடியிருக்கிறது. அதனை விற்று மின்சாரக் கார் வாங்கலாமா என்பது அவர் கேள்வி.

மழை விடாது பெய்தது. இரு மருங்கும் றப்பர். அதற்கு மேலே தேயிலை. ஏற்றங்களில் மானியின் எண் இறங்குவதைக் கண்டு வயிறு கலங்கிற்று. இறக்கத்திலோ காலை எடுத்தவுடன் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி வண்டியைத் தடுத்துப் பிடித்தது. இழந்ததில் ஒரு பங்கும் பற்றரிக்குத் திரும்பிற்று. மலைப்பாதையில் வழக்கமாக மூக்கைத் துளைக்கும் பிரேக் சூட்டின் வாடை இல்லை. ஆனால் ஒரு வளைவில், குடைபிடித்துச் சென்ற பள்ளிப் பிள்ளைகள் நாம் அருகில் வரும்வரை திரும்பிப் பார்க்கவேயில்லை. மழையோசையில் வண்டி வந்தது கேட்கவில்லை போலும். ஐரோப்பாவில் இத்தகைய புதிய வகைக் கார்கள் மெதுவாக ஓடும்போது ஒலியெழுப்ப வேண்டுமென்ற விதி 2019இல் நடைமுறைக்கு வந்தது வீணல்ல.

நண்பரின் மனைவி தேநீருடன் வந்து, "இது தீப்பற்றுமாமே, உண்மையா?" என்றார்.

சுவீடனின் அரசு நிறுவனமொன்று 2022இல் எடுத்த கணக்கைச் சொன்னோம். மின்னேற்றிக் கொள்ளும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்களில் ஓராண்டில் எரிந்தவை 23. பெற்றோல், டீசல் கார்கள் எரியும் விகிதம் அதைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு. ஆயினும் அங்குள்ள மின்சாரக் கார்களில் பெரும்பாலானவை புதியவை என்பதையும் மறைக்கவில்லை. பற்றரியில் மூண்ட தீயை அணைக்க ஏராளமான நீர் வேண்டும். அணைந்தபின்னும் அது மீண்டும் மூளக்கூடும்.

"வெள்ளம்?" என்றார் நண்பர். 2017 மே மாத வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்ட ஊர் அல்லவா? பெற்றோல் இயந்திரம் காற்றுக் குழாய் வழியே நீரை உறிஞ்சினால் அக்கணமே உள்ளே வளைந்து நின்றுவிடும். மின்சாரக் காருக்கு அந்தக் கேடு இல்லை. பற்றரிப் பெட்டிக்குள் நீர் புகுந்தாலோ, பல நாள் கழித்தும் தீ மூளக்கூடும். வெள்ளத்தில் இரண்டையுமே இறக்கலாகாது என்றோம்.

இரவு பத்து மணிக்கு 44 வீதமாயிருந்த பற்றரியை வீட்டு மின்சாரத்தில் இணைத்தோம். நள்ளிரவில் காற்றடித்து மின்சாரம் நின்றது. அண்மையில் குக்குலே கங்கையில் 70 மெகாவாற்று நிலையம் இருக்கிறது. இருந்தும் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் லயனில் விளக்கில்லை!

"இந்நேரம் எவரேனும் கதவைத் தட்டினால்?" என்று இருளில் நண்பர் கேட்டார். "பெற்றோல் காரில் போகலாம்" என்றோம். "2022 ஜூனில் லீற்றர் 470 ரூபாய், அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வரிசையில் இரண்டு இரவு கிடந்தேன்" என்றார். அதே ஆண்டு மார்ச் இறுதியில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு இருந்ததை நாம் நினைவூட்டினோம். இருவரும் சிரித்துவிட்டோம்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்தபின் வரும் புதிய கார்கள் பல, 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகின்றன. இரத்தினபுரிக்குப் போய்வரத் தாராளமாகப் போதும். ஆசிரியர் சம்பளத்துக்குத்தான் அவை எட்டுவதில்லை. பழைய பற்றரிக் காரை மட்டும் நம்பி நோயாளியை ஏற்ற வேண்டாம் என்பதே நாம் சொன்ன முடிவு. பெற்றோல் காரை விற்பதில்லை என்று நண்பரும் ஒப்புக்கொண்டார்.

காலையில் மானி 72 காட்டிற்று. இரத்தினபுரிக்கு அது போதும். வண்டியின் முன் நின்ற அவர் மகன் மட்டும், "மாமா, இதை எவ்வளவுக்குத் தருவீர்கள்?" என்றான்.