மாட்டுப்பட்டியிலிருந்து வைகைக் கரைக்கு ஓர் இரவு

மூணாற்றிலிருந்து 13 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்தது மாட்டுப்பட்டி. 1953-இல் எழுந்த அணையைக் காண வருவோர் பலர். தலைமுறை தலைமுறையாய்த் தேயிலைக் கொழுந்து கிள்ளி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களைக் காண்போர் சிலரே. புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் நமக்கு அவ்வூரின்பால் தனியொரு பற்று உண்டு. 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-இல் சிற்றிருப்புப் பாதையாய் மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அவ்வழியேதான் ஓடிற்று. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அடித்துச் சென்றபின், மூணாற்றுக்கு வண்டியே இல்லை.

சித்திரைப் பௌர்ணமி நெருங்கினால் அங்கே வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண மதுரை போவதா, வேண்டாமா? ஆசை பெரிது, குழந்தைகளோடும் முதியோரோடும் இரவைக் கழிப்பது எவ்வாறு என்ற கலக்கம் அதனினும் பெரிது.

திரும்பும் வழியை முதலில் வகுத்துவிட்டால் பாதிக் கலக்கம் தீரும் என்பது நம் கருத்து. தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியாகச் செல்லும் மலைச்சாலையை இருட்டில் கடத்தல் ஆகாது. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனைப் பிடித்து அப்புறப்படுத்தினர். எனினும் சின்னக்கானல் பக்கம் யானைகள் அற்றுப்போய்விடவில்லை. மாட்டுப்பட்டிச் சாலையிலேயே ‘படையப்பா’ என்று மக்கள் பெயரிட்ட கொம்பனை எதிர்கொண்டவர் உண்டு. ஆகவே, விழித்திருக்கும் இரவு மதுரையில் கழியட்டும். மலைப்பயணம் இரண்டும் பகலில் அமையட்டும்.

2010 இறுதியில் நின்ற மதுரை–போடி வண்டி, அகலப்பாதை அமைந்தபின் 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடிநாயக்கனூர் வரை வருகிறது. காலையில் மாட்டுப்பட்டியை விட்டுப் போடியில் இறங்கி, மாலை வண்டியைப் பிடித்தால் இரவு உணவுக்கு மதுரை சேரலாம். மலைவாசிகள் கம்பளிச் சட்டையோடு இறங்கி வியர்த்துத் தவிப்பதைக் கண்டிருக்கிறோம். பருத்தியாடை உடுத்திக் கம்பளியைப் பையில் வைத்துக்கொள்க. திரும்புகையில் போடிமெட்டில் அது வேண்டும்.

குழந்தையுள்ளோர் தல்லாகுளம் பக்கம் எதிர்சேவையைக் கண்டு மனநிறைவு கொள்வது நலம். விடியலில் ஆற்றங்கரையில் நெருக்கம் மிகுதி; 2022-இல் அந்நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். நம்முடன் வந்த மாட்டுப்பட்டிப் பாட்டியார் ஒருவரோ, “ஆத்துல எறங்குறதப் பாக்காம நான் மலையேற மாட்டேன் தம்பி” என்று கூறிவிட்டார். குழந்தைகளை உறவினர் வீட்டில் உறங்கவிட்டு, நாமும் அவர் மகனும் மட்டும் அவரை அழைத்துச் சென்று, கூட்டத்தின் பின்வரிசையில், சந்து பிரியும் இடமாகப் பார்த்து நின்றோம். தங்கக் குதிரை தெரியவில்லை; மேலே அசைந்த குடை மட்டும் தெரிந்தது. பாட்டியாருக்கு அதுவே போதுமாயிருந்தது. பட்டின் நிறம் பச்சையா என்று மட்டும் பக்கத்தில் நின்றோரை மும்முறை வினவினார்.

காலையில் போடிக்கு வண்டி இருப்பினும், ஆற்றங்கரைக் கூட்டத்திலிருந்து முதியோரை இழுத்துக்கொண்டு நிலையத்துக்கு விரைவது வீண்பதற்றம். புகைவண்டி ஊழியரே இதைச் சொல்வது விந்தைதான்! ஆரப்பாளையத்திலிருந்து தேனி, போடிக்குப் பேருந்துகள் உள்ளன. சிற்றுண்டி முடித்து நிதானமாக ஏறினாலும் பகலிலேயே மலையேறிவிடலாம். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டிக்குக் கடைசிப் பேருந்தை நம்பியிராமல், புறப்படும் முன்பே ஜீப்பு பேசி வைத்துக்கொள்க. வாடகையையும் அப்போதே முடிவுசெய்துவிடுக.