பூட்டிய வீடுகளும் புகையின் கணக்கும்

உணவு, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நாம், முதலிரண்டைப் பற்றிச் சிந்திக்குமளவுக்கு மூன்றாவதைப் பற்றிச் சிந்திப்பதில்லை. சிந்திக்கும்போதும், வீடற்றோர் எத்தனை பேர் என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். வீடு எப்பொருளால் ஆகிறது, அப்பொருள் எங்கிருந்து வருகிறது, அதனை ஆக்க எவ்வளவு எரிக்கப்படுகிறது, கட்டி முடித்தபின் அதில் யார் வாழ்கிறார்கள் என்பன பொறியியலாளருக்கு உரிய கேள்விகள் என ஒதுக்கப்பட்டுள்ளன. அவை சமுதாயத்தின் கேள்விகள் என்பதே எமது கருத்து. யாழ்ப்பாணத் தீவகத்தில் ஆசிரியத் தொழில் புரியும் நாம், அத்தீவகத்தை முன்வைத்தே இதனை ஆராய விரும்புகிறோம்.

காபன் என்னும் சொல் எமது தீவுகளுக்கு மின்சாரத்தைப் பற்றிய பேச்சோடு வந்து சேர்ந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் இயந்திரங்களை நம்பி விளக்கேற்றிய தீவுகள். இங்கே வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்கும் திட்டம் 2021ஆம் ஆண்டில் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா அதனை ஆட்சேபித்தது, திட்டம் நின்றது. பின்னர் 2024 மார்ச் மாதத்தில், இந்திய அரசின் நன்கொடையோடு இந்திய நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மூன்று சிறு தீவுகளின் காற்றுக்காக இரு பெரும் நாடுகள் போட்டியிட்ட இக்கதை தனியே எழுதத் தக்கது. ஈண்டு நாம் சுட்ட விரும்புவது ஒன்றே: விளக்கின் புகையைக் கணக்கிட்டவர்கள், அவ்விளக்கு எரியும் வீட்டுச் சுவரின் புகையைக் கணக்கிடவில்லை.

சுவருக்கும் புகை உண்டோ எனின், உண்டு. சுண்ணாம்புக்கல்லோடு களிமண் சேர்த்து ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டே சீமெந்து ஆக்கப்படுகிறது. சூளைக்கு எரிக்கும் எரிபொருளின் புகை ஒரு பங்கு. அதனினும் பெரிய பங்கு கல்லிலிருந்தே வெளிப்படுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும்; எஞ்சுவது 56 கிலோ நீறு. எரிபொருளை மாற்றினும் இப்பங்கு மாறாது. உலகச் சராசரியை வைத்துப் பார்த்தால், 50 கிலோச் சீமெந்து மூட்டை ஒன்றின் பின்னால் ஏறத்தாழ 30 கிலோ காபனீரொட்சைட்டு வானில் நிற்கிறது. மனிதகுலம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சீமெந்தால் வருவதென அறிஞர் கணித்துள்ளனர்.

யாழ்ப்பாணத்தவருக்கு இத்தொழில் புதிதன்று. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950ஆம் ஆண்டிற் தொழிற்படத் தொடங்கியது. வடபுலத்துத் தொழிலாளர் பலருக்கு அது வாழ்வளித்தது. போரின் காரணமாக 1990இல் அது அடங்கியது. கல் அகழ்ந்த பெருங்குழிகள் அங்கே இன்றும் வாய்பிளந்து கிடக்கின்றன. இன்று எமக்குச் சீமெந்து தூரத்திலிருந்து வருகிறது. புத்தளத்தில் நாட்டுக் கல்லைச் சுடுகிறார்கள். திருகோணமலையிற் கடல் கடந்து வரும் சுட்ட கட்டியை அரைக்கிறார்கள். லொறியில் ஏறும் மூட்டை பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, அங்கே தொழிலாளியின் தோளேறிப் படகில் இறங்குகிறது. நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடற்பயணம். அக்கரையில் மீண்டும் ஒரு தோள். கம்பியும் மணலும் இவ்வாறே கடல் கடக்க வேண்டும்.

அத்தோடு முடிந்ததா? கொங்கிறீற்றை உவர்நீரிற் குழைத்தால் உள்ளிருக்கும் கம்பி துருவேறும்; ஆகவே நன்னீர் வேண்டும். இட்ட கொங்கிறீற்று இறுகும்வரை நாட்கணக்கில் அதன்மேல் நன்னீர் ஊற்றவும் வேண்டும். உவர்நீரை இயந்திரத்தால் நன்னீராக்கிக் குடிக்கும் தீவுகளில் இதன் பொருள் யாதென்பதை, குடத்தோடு வரிசையில் நிற்கும் மாணவியரைக் கேட்டால் அறியலாம். இவ்வளவு செலவிற் கட்டியதும் நிலைக்கிறதா? கடற்காற்றின் உப்பு நாளடைவில் உட்புகுந்து கம்பியை அரிக்க, கூரைத்தட்டிலிருந்து கொங்கிறீற்றுச் சில்லுகள் உதிர்கின்றன. எமது தலைமுறையிற் கட்டியவை எமது தலைமுறையிலேயே உதிர்வதைக் கண்ணாரக் காண்கிறோம்.

இவற்றின் அயலிலேயே, சாந்து எதுவுமின்றி முருகைக்கல்லை அடுக்கி எழுப்பிய நெடுந்தீவின் மதில்கள் நிமிர்ந்து நிற்கின்றன. ஒல்லாந்தர் கோட்டை என வழங்கும் முருகைக்கற் கட்டடத்தின் இடிந்த சுவர்களும் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. நீற்றுச் சாந்து இறுகும்போது, சூளையில் இழந்த காபனீரொட்சைட்டிற் பெரும்பங்கைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல மீளப் பெறுகிறது என்கிறது இரசாயனம். முற்றிய பனையின் வைரமேறிய மரம் வளையாகவும் சிலாகையாகவும் கூரையைத் தாங்கியது. ஓலை வேய்ந்த கூரை வெயிலைத் தடுத்தது. காபன் என்ற பெயர் அறியாத எமது முன்னோர், குறைந்த காபனில் வாழும் கலையை அறிந்திருந்தனர் என்பது உண்மை.

ஆயினும், பழமையின் பெருமை பேசி இளைப்பாறுவது எமது நோக்கமன்று. முருகைக்கல் கடலின் உயிர்ச் செல்வம். அதனை அகழ்ந்து சுட்டதனால் இந்நாட்டின் கரையோரங்கள் அரண் இழந்தன. 1988ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தது. தடைக்கு முன்னும் பின்னும் கல் அகழப்பட்ட தென்மேற்குக் கரைகளில், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கூடுதலான உக்கிரத்தோடு புகுந்ததை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். மேலும், அந்தப் பழைய கல்வீடுகளில் வாழ்ந்தவர் யார்? நிலமும் சாதியும் கைவரப் பெற்ற சிலர். கல்லைச் சுமந்தவரும், நீற்றைச் சுட்டவரும், பனையேறியவரும் மழைக்கு ஒழுகும் குடிசைகளிற் கிடந்தனர். ஓலைக்குடிசையின் குறைந்த காபனைப் புகழும் கனவான் எவரும் ஒரு மாரிகாலம் அதில் வாழ்ந்து பார்த்தவர் அல்லர்.

இதனை எமக்கு உணர்த்தியது ஒரு மாணவியின் கேள்வி. சுண்ணாம்புக்கல்லின் கணக்கை உயர்வகுப்பில் ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தோம். கடற்றொழிலாளி ஒருவரின் மகள் எழுந்து, "சேர், அப்ப நாங்கள் கல்வீடு கட்டக் கூடாதோ?" என்று கேட்டாள். பல ஆண்டுகளாகத் தகரக் கொட்டிலில் வாழும் குடும்பம் அவளுடையது. வகுப்பு அமைதியாயிற்று. கட்டத்தான் வேண்டும் என்றோம். உலகின் வானத்தை நிரப்பிய புகையில் அவள் குடும்பத்தின் பங்கு யாது? அடுப்பெரித்த விறகும் படகெரித்த மண்ணெண்ணெயுமே. செல்வ நாடுகளும் செல்வரும் செய்த கடனை அவள் தலையிற் சுமத்தி, தகரத்தின் கீழ் வெந்து கிட என்று சொல்வது அறமாகாது. காபன் குறைப்பு என்னும் நற்சொல், வறியவரின் வீட்டுரிமையைக் குறைக்கும் கத்தியாக மாறுமாயின் அதனை எதிர்ப்பதே முற்போக்காளரின் கடமை.

அங்ஙனமாயின், எங்கே குறைப்பது? போருக்குப் பிந்திய வீட்டுத்திட்டங்களின் வரலாறு இதற்கு ஒரு பாடம் தருகிறது. 2012 முதல் இந்திய உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 46,000 வீடுகள் அமைந்தபோது, ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. வீட்டுக்குரியவரே நின்று கட்டினார். பணம் போதாமற் கடனாளியானோர் பலர் என்பது உண்மையே. எனினும் அப்பணம் ஊர் மேசனின் கைக்கும் தச்சனின் கைக்கும் சென்றது. 2016இல் அரசு வேறொரு யோசனையை முன்வைத்தது: பன்னாட்டு உருக்குக் கம்பனி ஒன்றின் 65,000 பொருத்து வீடுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாவில்! வெப்பநாட்டில் உருக்கு வீடு. நான்கு மடங்குக்கு அண்மித்த விலை. உள்ளூர்த் தொழிலாளிக்கு வேலை அரிது. மக்கள் பிரதிநிதிகளும் பல்கலைக்கழகத்தாரும் சமூக அமைப்புகளும் எதிர்த்தனர், அத்திட்டம் நிறைவேறவில்லை. இலாபத்தின் கணக்கும் புகையின் கணக்கும் சேர்ந்தே ஏறும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஆயினும் தீவகத்தின் மிகப் பெரிய கணக்கு இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது. அது பூட்டிய வீடுகளின் கணக்கு. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வின் பின், ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு எங்கணும் கூரை இழந்த வீடுகளின் சுவர்களில் ஆலும் அரசும் வேரோடி நிற்கின்றன. உரியவர்கள் கொழும்பிலும், ரொறன்ரோவிலும், பாரிசிலும், இலண்டனிலும் வாழ்கின்றனர். அவற்றின் அருகே, வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த புதிய மாடிவீடுகள். கோயில் திருவிழாக் காலத்தில் மட்டும் கதவு திறப்பவை பல. இவ்விரு வகை வீடுகளுக்கும் உரிய புகை என்றோ வானேறிவிட்டது. அதனை மீட்க முடியாது. மீட்கக்கூடியது அவற்றின் பயன் ஒன்றே. ஏற்கெனவே நிற்கும் சுவரே உலகின் மிகக் குறைந்த காபன் கொண்ட சுவர். அச்சுவருக்குள் எவரும் இல்லை. அதன் வேலிக்கு வெளியே தகரக் கொட்டில் நிற்கிறது.

உரியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் முனையவில்லை. ஓடியவர்கள் உயிர் தப்ப ஓடியவர்கள். வீட்டை ஒருவருக்கு ஒப்படைத்தால், பத்தாண்டு ஆட்சியின் பின் அவர் உரிமை கோருவார் என்னும் அச்சம் அவர்களுக்கு உண்டு. இந்நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடமும் உண்டு. இந்த முடிச்சை அவிழ்ப்பது அரசின் வேலை. உறுதியிலுள்ள உரிமைக்குக் குந்தகம் வராதபடி, பிரதேச சபை நடுநின்று எழுதும் நீண்டகாலக் குத்தகை முறை ஒன்று வேண்டும். வீட்டுத்திட்டப் பணத்தைப் புதுவீட்டுக்கு மட்டுமன்றி, கூரையும் கதவும் இட்டுப் பழைய வீட்டைத் திருத்தவும் வழங்க வேண்டும். முற்றாக இடிந்தவற்றின் கல் புதுச் சுவருக்கு உதவும். அதற்காகக் கடலை அகழ வேண்டியதில்லை.

இவை கனவல்ல என்பதற்குக் கேரளம் சான்று. கம்யூனிஸ்டு முதலமைச்சராய் இருந்த அச்சுத மேனனும், கட்டடக்கலைஞர் லாரி பேக்கரும், பொருளியலறிஞர் கே. என். ராஜும் சேர்ந்து 1985இல் 'கோஸ்ட்போர்டு' என்னும் நிறுவனத்தை அமைத்தனர். செங்கல்லை நிறுத்தி அடுக்கி நடுவே வெற்றிடம் விடும் முறையால் செங்கற் செலவைக் கால்வாசி குறைக்கலாம் என்பதைப் பேக்கர் கட்டிக் காட்டினார். சூளையேறாத, இயந்திரத்தால் அழுத்திய மண்கற்களைக் கொண்டு வன்னியிலும் மட்டக்களப்பிலும் போருக்குப் பின் வீடுகள் எழுந்துள்ளன. மண் குறைந்த எமது தீவுகளுக்கு அதே முறை அப்படியே பொருந்தாது. பழஞ்சுவர்களின் கல்லும், புதிதாய் நட்டு முற்றிய பனையும், தேவையான இடத்தில் மட்டும் அளவான சீமெந்துமே எமக்குப் பொருந்துவன. போரிற் காப்பரணுக்காகப் பல்லாயிரம் பனைகளை இழந்த மண்ணில், இன்று நடும் விதை எமது பேரப்பிள்ளைகளின் வளையாகும்.

ஆசிரியராகிய எமக்கும் இதில் வேலை உண்டு. ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் பூட்டிய வீடுகளையும் இடிந்த வீடுகளையும் எண்ணி எழுதட்டும். தகரக் கொட்டில்களையும் அதே தாளில் எழுதட்டும். இரு நிரல்களும் அருகருகே நிற்கும்போது, எது பஞ்சம், எது பதுக்கல் என்பதை மாணவர் எவரும் சொல்லித்தராமலே அறிவர். அத்தாளைப் பிரதேச சபையின் மேசைமீது வைப்பதே நாம் எழுப்பும் முதற் சுவர்.